பாட்டில் இல்லாத பிறப்பு

தாய்க் கங்காரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இறந்தது. பத்து மணிக்கெல்லாம் அதன் சாப்பாட்டை நிறுத்தும் உத்தரவு வந்துவிட்டது. அந்த விலங்குக்காட்சிச் சாலையின் நிர்வாகம் மெத்தனமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனது வைத்தால் அது மின்னலாய் வேலை செய்யும்.

உத்தரவை வாங்கிய காப்பாளருக்கு ஒரு கைதான் காலியாக இருந்தது. இன்னொரு கை சட்டைக்குள் இருந்தது. அங்கே வெறும் மார்போடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி நடுங்கியது. உள்ளங்கையளவு உடம்பு, உடம்பைவிட நீளமான வால், அப்போதுதான் மயிர் எட்டிப் பார்க்கும் தோல். இறந்த தாயின் வயிற்றுப் பைக்குள் கையை விட்டு அவர்தான் அதை எடுத்திருந்தார். இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் தாயோடு அதுவும் குளிர்ந்து போயிருக்கும்.

காப்பாளரை எல்லாரும் சாவியண்ணன் என்பார்கள். இடுப்பில் பத்தொன்பது சாவி கோத்த வளையம் தொங்கும். அவர் வருவது மூன்று கூண்டு தள்ளியே கேட்கும். புலிக்கூண்டுச் சாவி, பாம்பறைச் சாவி, கழிப்பறைச் சாவி என்று எல்லாம் அதில் உண்டு. இல்லாதது ஒரே ஒரு சாவி. பாலூட்டிப் பிரிவு அலுவலகத்தின் இரும்பு அலமாரிச் சாவி. அந்த அலமாரிக்குள்தான் பன்னிரண்டு டப்பா கங்காருப் பால்மாவு இருந்தது.

மாட்டுப்பால் கங்காருக் குட்டிக்கு ஆகாது. கொடுத்தால் முதலில் வயிறு போகும், அப்புறம் கண் போகும். அந்தப் பன்னிரண்டு டப்பாவும் கங்காரு அன்பளிப்பாக வந்த அதே பெட்டியில் அதோடு கூடவே வந்தவை. வந்த அன்றே அலமாரிக்குள் போய்விட்டன. கங்காரு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று முடிவாகாததால், அதை 'விருந்தினர்' என்ற தலைப்பில் போட்டுப் புல்லும் கேரட்டும் கொடுத்து வந்தார்கள். இப்போது விருந்தினர் இறந்துவிட்டார். தலைப்பையும் மூடியாகிவிட்டது.

சாவியண்ணன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல அலுவலகத்துக்கு ஓடினார்.

பாலூட்டிப் பிரிவின் மேற்பார்வையாளர் நாற்காலியில் இருந்தார். அவருடைய தோல் பை அவர் வயிற்றின் மேல் இருந்தது. அந்தப் பையை அவர் தோளிலிருந்து கழற்றி யாரும் பார்த்ததில்லை. வாய் அகன்ற பெரிய பை அது. முத்திரை, மை அட்டை, அரக்கு, தீப்பெட்டி, காலி பாட்டில்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. எந்தக் கணமும் ஒரு பிறப்பைப் பதிய நேரலாம் என்பதால் பை எப்போதும் திறந்தே கிடக்கும்.

"சார், பால் டப்பா ஒண்ணு வேணும். அவசரம்."

"பிறப்புப் பதிவு எண்?"

"இன்னும் பதியல சார்."

"அப்போ பதிஞ்சுடலாம். பாட்டில் எங்க?"

பாட்டில் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எப்போதோ ஒரு காலத்தில், பிறக்காத குரங்குக் குட்டியின் பெயரில் மூன்று மாதம் பால் வாங்கிக் குடித்த ஊழியர் ஒருவர் இருந்தாராம். அன்றிலிருந்து அந்தக் காட்சிச் சாலையில் எந்தப் பாலூட்டி குட்டி போட்டாலும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதன் நச்சுக்கொடியைப் பாட்டிலில் போட்டு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பாட்டில் வந்தால் பிறப்பு. வராவிட்டால் பிறக்கவில்லை. யானைக்கு மட்டும் டிரம் அனுமதிக்கப்பட்டது. பின்னறையில் தரையிலிருந்து கூரை வரை பாட்டில்கள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் அரக்கும் முத்திரையும் ஒட்டுத்தாளும் இருந்தன.

"சார், இது கங்காரு. பொறக்கும்போது அவரை விதையளவுதான் இருக்கும். தானா ஊர்ந்து அம்மா பைக்குள்ள போயிடும். அங்க இருந்துதான் பால் குடிச்சு வளரும். கொடியெல்லாம் வெளிய வர்ற மாதிரி இருக்காது."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். "கொடி இல்லாம பாலூட்டின்னு எப்படி நான் எழுதறது?"

"பால் குடிக்குதே சார்!"

"பால் குடிக்கறது ஒரு பழக்கம். பதிவுக்கு அது ஆதாரம் இல்ல."

"டப்பாவப் பாருங்க சார், கங்காரு படமே போட்டிருக்கு."

"பிஸ்கட் பாக்கெட்ல குழந்தை படம் போட்டிருக்கு. அதுக்காக அதுக்குள்ள குழந்தையா இருக்கு?"

சாவியண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "ஒரு தடவ இதப் பாத்துருங்க சார். அப்புறம் என்ன வேணாலும் எழுதுங்க."

மேற்பார்வையாளர் அவசரமாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "காட்டாதீங்க. முன்னூத்திப் பன்னெண்டு பிறப்பு பதிஞ்சிருக்கேன். ஒரு குட்டியக்கூடக் கண்ணால பார்த்ததில்ல. பார்த்தா பாசம் வந்துடும். பாசம் வந்தா பதிவு கெட்டுடும். நீங்க பறவைப் பிரிவுல கேட்டுப் பாருங்க."

பறவைப் பிரிவு மாடியில் இருந்தது. அதன் தலைவி நல்ல மாதிரி. சட்டைக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், என்ன கண்ணு பாரு" என்றார். பிறகு படிவத்தை எடுத்து, "முட்டை ஓடு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் பிரிவில் பாட்டிலுக்குப் பதில் ஓடு. அடுத்திருந்த ஊர்வனப் பிரிவில் உரித்த தோல் கேட்டார்கள். அதோடு, சேர்த்துக்கொண்டாலும் பத்து நாளைக்கு ஒரு எலிதான் தர முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன வழி, வகைப்பாட்டுக் குழு. அது நாளை காலை பதினொன்றுக்குக் கூடுகிறது.

சாவியண்ணன் குட்டியோடு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் மனைவி தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தாள். ஆயத்த ஆடைக் கடைக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். கணவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பதையும், கொதித்து ஆறிய உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயால் சட்டைக்குள் விடுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடைத் துணியைத் தள்ளி வைத்துவிட்டு, தன் பழைய பருத்தி நைட்டி ஒன்றையும் ஒரு கம்பளித் துண்டையும் எடுத்தாள். அரை மணி நேரத்தில் உள்ளே பருத்தி, வெளியே கம்பளி, கழுத்தில் மாட்ட அகலப் பட்டை என்று ஒரு பை தயாரானது.

"கைய எடுங்க. குட்டிக்கும் மூச்சு முட்டும், உங்களுக்கும் தோள் போயிடும்" என்று பையை மாட்டிவிட்டாள். குட்டி தலைகுப்புற உள்ளே விழுந்து, ஒரு புரட்டுப் புரண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டியது.

"தண்ணி எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். அதுவே ஜாஸ்தி."

"அந்த அலமாரிப் பூட்ட உடைங்களேன்."

"பத்தொன்பது வருஷமா பூட்டக் காப்பாத்தினவன்மா நான்."

"பூட்டு பிழைச்சுக்கும். இது பிழைக்குமா?"

அவர் பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டார். மறுபடி நடக்கத் தொடங்கினார். நடந்தால் குட்டி அமைதியாக இருந்தது, நின்றால் கீச்சென்று முனகியது.

மறுநாள் பதினொன்றுக்குக் கூட வேண்டிய குழு பன்னிரண்டே காலுக்குக் கூடியது. தலைவருக்கு மாலை போட்டார்கள், தண்ணீர் வைத்தார்கள், போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தார்கள். போன கூட்டத்தில், அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்ததாகப் பதிவாகியிருந்தது. சாவியண்ணன் கதவோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். காலை எட்டு மணிக்குப் பிறகு குட்டி குழாயைச் சப்பவேயில்லை.

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! பாலூட்டிகள் மூன்று வகை. முட்டையிட்டு, அதன் பிறகு பால் கொடுப்பவை ஒரு வகை. அவை வெகு தொலைவில் வாழ்கின்றன, நமக்குத் தொந்தரவில்லை. குட்டியைக் கருப்பைக்குள்ளேயே முழுதாக வளர்த்து, நச்சுக்கொடியோடு ஈன்று தருபவை இன்னொரு வகை. நாமெல்லாம் இந்த வகை. வகைப்பாட்டை எழுதியவர்களும் இந்த வகை. ஆகவே இதுதான் முழுமையான வகை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை."

மேசையைத் தட்டினார்கள்.

"நடுவில் நிற்பவைதான் இந்தப் பையுள்ளவை. பாதிக் காரியத்தை உள்ளே செய்துவிட்டு மீதியை வெளியே தள்ளிவிடுகின்றன. முடியாத வேலையை இன்னோர் இடத்துக்கு அனுப்பி, அங்கே மாதக்கணக்கில் கிடப்பில் போடும் உரிமை விலங்குகளுக்கு யார் கொடுத்தது? அது நிர்வாகத்துக்கு மட்டுமே உரியது."

சாவியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "சார், அதுக்கும் கொடி உண்டுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. ரொம்ப சின்னது, கொஞ்ச நாளைக்குத்தான்."

"பாட்டிலில் போடும் அளவுக்கு உண்டா?"

"இல்ல சார்."

"அப்படியானால் நிர்வாகத்தைப் பொறுத்தவரை கிடையாது. உட்காருங்கள்."

உட்கார நாற்காலி இல்லை. அவர் பையின் அடியைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே அசைவு குறைந்துகொண்டே வந்தது. 

அப்போது பறவைப் பிரிவுத் தலைவி கையை உயர்த்தினார். "குட்டி இன்னும் பைக்குள்ளதான இருக்கு? பையிலேருந்து வெளிய வந்தாத்தானே பிறந்ததா அர்த்தம்? பிறக்காததுக்கு எதுக்குங்க பாட்டில்?"

சபை அசந்து போனது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிகச் சரி! குட்டி பிறக்கவில்லை. பிறக்காத குட்டியின் உணவு தாயின் உணவு. தாய்க்குப் பால்மாவு வழங்கத் தடையேதும் இல்லை. தாய் எங்கே?"

"தாய் நேத்தே செத்துப் போச்சு சார்."

"இறந்தவர் குட்டியைச் சுமக்க முடியாது. குட்டி பையில் இருக்கிறது." தலைவர் விரலை நீட்டினார். "பை யார் மேல் இருக்கிறது?"

எல்லாரும் சாவியண்ணனைப் பார்த்தார்கள். சாவியண்ணனும் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பிரித்தார். "பையுள்ள பாலூட்டி, ஒன்று. பெண்ணா ஆணா?"

"ஆண் என்று எழுதி, விதிவிலக்கு என்று அடைப்புக்குறியில் போடுங்கள்" என்றார் தலைவர்.

வேறு நாளாக இருந்தால் சாவியண்ணன் சண்டைக்குப் போயிருப்பார். இன்று அவருக்கு மானம், மரியாதை எல்லாம் அந்தப் பைக்குள் மூச்சு விடுகிறதா இல்லையா என்பதில் இருந்தது. "எழுதிக்கங்க சார். அம்மான்னே எழுதிக்கங்க. பால மட்டும் சீக்கிரம் குடுங்க!"

மேற்பார்வையாளர் முத்திரையை மையில் ஒற்றி, டமால் என்று குத்தினார். அந்தச் சத்தத்தில் குட்டி உள்ளே துள்ளியது. அது துள்ளியதும் சாவியண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அலமாரி திறந்தது, டப்பா வந்தது. அங்கேயே தண்ணீர் காய்ச்சி, மாவைக் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுத்தார். முதல் சொட்டு வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதைக் குட்டி சப்பியது. சபையில் தேநீர் இடைவேளை அறிவித்தார்கள்.

இடைவேளை முடிந்ததும் மேற்பார்வையாளர் கையை நீட்டினார். "சாவி."

"எதுக்கு சார்?"

"ஒரே ஆள் ரெண்டு பதிவேட்டுல இருக்கக் கூடாது. விலங்குப் பட்டியல்ல ஏறினதால ஊழியர் பட்டியல்லேருந்து உங்கள எடுத்தாச்சு. விலங்கு கையில சாவி இருக்கறது பாதுகாப்புக்கு நல்லதில்ல பாருங்க."

இப்படியாகச் சாவியண்ணன் ஏழாம் எண் கொட்டிலுக்குக் குடிபோனார். கொட்டில் வாசலில் பலகை மாட்டினார்கள். 'பையுள்ள பாலூட்டி (ஆண்). புல், கிழங்கு உண்ணும். சாது.' இரண்டு நாள் கழித்து, 'அமைதியற்ற இயல்புடையது, ஓயாமல் நடக்கும்' என்று கீழே சேர்த்தார்கள். அவர் நடந்தது உண்மைதான். நின்றால் குட்டி அழுதது.

காலையில் ஒரு கட்டுப் புல்லும் ஆறு கேரட்டும் வந்தன. கொட்டிலுக்குக் காப்பாளர் பணியிடம் காலியாக இருந்ததால் பெருக்குவதும் கழுவுவதும் அவரே. மதியம் மனைவி நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கம்பி வழியாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தை உள்ளே தள்ளினாள்.

"உணவு கொடுக்காதீர்கள்னு எழுதியிருக்குங்க" என்றாள்.

"அது எனக்கில்ல, குரங்குக்கு."

"உங்க பலகையிலதான் எழுதியிருக்கு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என் அக்கா கேக்கறா, உன் வீட்டுக்காரரு எங்க வேலை பாக்கறாருன்னு. நான் என்னன்னு சொல்ல?"

"பழைய இடத்துலதான்னு சொல்லு. பொய் இல்லையே." பிறகு பையைக் கொஞ்சம் விரித்துக் காட்டினார். "மயிர் வந்துருச்சு பாத்தியா? நேத்து என் விரலக் கடிச்சுச்சு."

ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஆசிரியை பலகையைப் படித்தார், உள்ளே பார்த்தார், மறுபடி பலகையைப் படித்தார். "எழுதிக்குங்க. இந்த விலங்கு பாக்கறதுக்கு மனுஷன் மாதிரியே இருக்கும்" என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். சாவியண்ணன் வணக்கம் சொன்னார். "நல்லாப் பழக்கியிருக்காங்க" என்றார் ஆசிரியை.

இப்படி மூன்றரை மாதம் போயிற்று. பன்னிரண்டில் பத்து டப்பா தீர்ந்தது. பட்டை இரண்டு முறை அறுந்து, கம்பி வழியாகவே மனைவி தைத்துக் கொடுத்தாள். குட்டி முயலளவுக்கு வளர்ந்து, பையிலிருந்து தலையை நீட்டிப் புல்லைக் கொறிக்கத் தொடங்கியது. ஆனால் வெளியே வரவில்லை. தாய் இல்லாத குட்டிக்குக் கால் ஊன்றுமா, குதிக்குமா என்று அவர் மருகாத நாளில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் கேரட்டை எடுக்கக் குனிந்தபோது குட்டி பொத்தென்று வெளியே விழுந்தது. எழுந்தது. ஆடியது. வாலை ஊன்றியது. பிறகு ஒரு குதி. இன்னொரு குதி. மூன்றாவதில் உருண்டு, நான்காவதில் கொட்டிலின் மறுமூலைக்கே போய், திரும்பி அவரைப் பார்த்தது. சாவியண்ணன் புல்லிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

கால் மணி நேரத்தில் மேற்பார்வையாளர் கதவைத் திறந்து கொட்டிலுக்குள்ளேயே வந்துவிட்டார். வயிற்றில் தோல் பை, இடுப்பில் பத்தொன்பது சாவி, கக்கத்தில் பதிவேடு, கையில் காலி பாட்டில்.

"பிறந்துடுச்சாமே. வாழ்த்துகள்." குட்டி இருந்த பக்கம் பார்க்காமல் பாட்டிலை நீட்டினார். "இருபத்திநாலு மணி நேரம். கொடி வராட்டி பிறப்பு ரத்து. பிறப்பு ரத்தானா மிச்ச ரெண்டு டப்பாவ அலமாரிக்கே திருப்பணும்."

சாவியண்ணன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து பையைக் கழற்றினார். பால் கறையேறி, மூத்திர வாடையடித்து, அடி நைந்து போன பை. அதைச் சுருட்டிப் பாட்டிலுக்குள் திணித்தார்.

"என்ன இது?"

"குட்டி இதுக்குள்ளதான் வளர்ந்துச்சு சார். சூடு இது வழியாத்தான் போச்சு. அதுக்கும் எனக்கும் நடுவுல இருந்தது இது ஒண்ணுதான். வெளிய வந்துட்டதால இனிமே வேண்டாம். கொடின்னா வேற என்ன சார்?"

மேற்பார்வையாளர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாட்டில் நிறைந்திருந்தது. மூடி சரியாகப் பொருந்தியது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். தோல் பையை அகலத் திறந்து அரக்கை எடுத்து உருக்கினார், ஒட்டுத்தாளை ஒட்டினார்.

"நான் எப்ப சார் வேலைக்கு வரலாம்?"

"தாராளமா வரலாம். பை போயிட்டதால நீங்க பையுள்ள பாலூட்டி இல்ல. உங்க பிறப்புக்கான பாட்டில மட்டும் கொண்டு வந்து காட்டிட்டு ஊழியர் பட்டியல்ல சேர்ந்துக்கலாம்."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு சார்."

"தாமதத்துக்கு விளக்கக் கடிதம் ஒண்ணும் வைங்க." இப்படிச் சொல்லிக்கொண்டே அவர் பாட்டிலைத் தரையில் வைத்து, குனிந்து, முத்திரையை டமால் என்று குத்தினார்.

குட்டி அரண்டு போனது. அரண்ட கங்காருக் குட்டி போக்கிடம் தேடி யோசிப்பதில்லை. பக்கத்தில் எந்தப் பை திறந்திருக்கிறதோ அதுதான் அதற்குத் தாய்வீடு. மூன்றே குதி. தலைகுப்புறத் தோல் பைக்குள் விழுந்தது. மை அட்டையும் தீப்பெட்டியும் வெளியே சிதறின. கொஞ்ச நேரம் இரண்டு பின்னங்கால்களும் வாலும் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு ஒரு புரட்டு. மூக்கு மேற்பார்வையாளரின் மோவாயைத் தொட்டது.

முன்னூற்றுப் பதின்மூன்றாவது பிறப்பில், அவர் முதன்முறையாக ஒரு குட்டியைப் பார்த்தார்.

"இத... இத எடுங்க."

"இப்ப எடுக்கக் கூடாது சார், மிரண்டுடும்" என்றார் சாவியண்ணன். கீழே விழுந்திருந்த பதிவேட்டை எடுத்து மேற்பார்வையாளர் கையிலேயே கொடுத்தார். "குட்டி பையில இருக்கு." குழுத் தலைவரைப் போலவே விரலை நீட்டினார். "பை யார் மேல இருக்கு?"

மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒரு விதியையும் அவர் மீறியதில்லை. இன்று மீறலாமா என்று ஒரு கணம் யோசித்ததாகத் தெரிந்தது. அதற்குள் குட்டி அவர் சட்டைப் பொத்தானைச் சப்பத் தொடங்கியது. அவர் பேனாவைத் திறந்து, பதிவேட்டில் ஏழாம் எண் கொட்டிலுக்கான பக்கத்தில் தன் பெயரைத் தானே எழுதினார். கேட்காமலே இடுப்பிலிருந்து சாவி வளையத்தை அவிழ்த்துக் கொடுத்தார். அவருடைய மறு கை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, பையின் அடியைத் தாங்கியிருந்தது.

சாவியண்ணன் வெளியே வந்து, ஏழாம் எண் சாவியைத் தேடி எடுத்து, கதவைப் பூட்டினார். மதியம் மனைவி சீட்டு வாங்குவதற்கு முன்னால் வாசலுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, இது எப்பவும் இப்படித்தான் மூக்க ஆட்டுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆமா சார். மூணு மணிக்குப் பால் கொண்டு வர்றேன். அதுவரைக்கும் நடந்துக்கிட்டே இருங்க. நின்னா அழும்."

மேற்பார்வையாளர் நடக்கத் தொடங்கினார். பலகையை மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.